நூறு மீற்றரும் ஓர் அட்டையும்

நிரஞ்சன் தோற்றுப்போனவன் என்று சொல்பவர்கள் எங்கள் பக்கத்தில் இரண்டு வகை. அன்று மைதானத்துக்கே வராதவர்கள் ஒரு வகை. வந்தும் மேடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டிலும் சேராதவன். அவனுடைய பயிற்றுநர் என்று பேர் வைத்துக்கொண்டு, ஓடுபாதைக்கு இரண்டு முழம் தள்ளி நின்றவன். ஆகவே நடந்ததை நான் சொல்வதுதான் முறை. எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

டயகமவுக்குப் போகும் பிரதான வீதியிலிருந்து மூன்று கட்டை மேலே இருக்கிறது கல்மலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்டிவிசன். கட்டை என்றால் மைல். அந்த மூன்று கட்டைக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் கல் பதித்து ரோடு போட்டார்கள். இப்போது கல் மட்டும் இருக்கிறது, அதுவும் பதித்த இடத்தில் இல்லை. கொழுந்துக்கு இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. மலை உச்சியிலிருந்து பெக்டரி வரைக்கும் கம்பி இழுத்திருக்கிறார்கள். மூட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் கீழே வந்துவிடும். மனுசர்கள்தான் நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களைக் கம்பளியில் போட்டு, கம்பளியை மூங்கிலில் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கொழுந்து தாமதமானால் வாடிப்போகும் என்பது நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும்.

நிரஞ்சன் அந்த மேல்டிவிசன் லயத்தின், ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வரிசையின், கடைசிக் காம்பராவில் பிறந்தவன். என்னிடம் படித்தான் என்று பெருமையடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் நான் கீழேயுள்ள பாடசாலைக்கு வரலாறு படிப்பிக்க வந்தபோது, அவன் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்து ஆறு வருடமாகியிருந்தது. அதற்கு முன்னால் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போட்டிருக்கிறான். அப்பா செத்த பிறகு, தோட்டத்தில் பேர் பதிய ஆள் இல்லையென்றால் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள் என்று திரும்பி வந்தான். வந்தவன் தேயிலைச் செடிகளை இடுப்பளவுக்கு வெட்டினான், ஜீவராணியைக் கல்யாணம் செய்தான், ஓடினான். அவன் வாழ்க்கையில் குறிப்பிடும்படியானது இந்த மூன்றும்தான்.

ஓடினான் என்றால் ஆசைக்கு ஓடியவன் அல்ல. மேல்டிவிசனில் போன் சிக்னல் கிடையாது. ஒன்றரைக் கட்டை கீழே, முனியாண்டி கோயில் வளைவுக்கு வந்தால்தான் போனில் இரண்டு கோடு காட்டும். முனியாண்டி எங்களுக்குச் செய்துவரும் பெரிய உதவி அதுதான். குளவி கொட்டினாலும், நெஞ்சு வலி வந்தாலும், பிரசவ வலி எடுத்தாலும், யாராவது அந்த வளைவுக்கு ஓடி ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அந்த யாராவது எப்போதும் நிரஞ்சன்தான். சறுக்கும் கல்லிலும் சேற்றிலும் ஓடி ஓடி, அவனுக்கே தெரியாமல் அவன் கால் ஒரு விளையாட்டு வீரனின் காலாகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவனுக்காகவே அவன் ஓட வேண்டி வந்தது. ஐப்பசி மழை. ஜீவராணிக்குத் தலைப்பிரசவம். அவன் வளைவுக்கு ஓடினான், பேசினான், ஆம்புலன்ஸும் சொன்ன நேரத்துக்குப் பிரதான வீதிக்கு வந்து நின்றது. கம்பளியைத் தூக்கி வந்தவர்கள்தான் வந்துசேரவில்லை. ஏழாம் நம்பர் மலைத் திருப்பத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவில், நனைந்த கம்பளியில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. அது அழவேயில்லை. கீழே நின்ற ஆம்புலன்ஸில் எல்லாம் இருந்ததாம், பிள்ளைக்கு வைக்கும் சின்ன ஒட்சிசன் மூடிகூட இருந்ததாம்.

பிறகொரு நாள் அவன் என்னிடம் சொன்னான்: "நான் வேகமாத்தான் ஓடுனேன் சேர். அதுல ஒரு கொறையும் இல்ல. ரோடுதான் இல்ல."

நான் வரலாற்று ஆசிரியன். அநுராதபுரத்து ராசாக்கள் வெட்டிய குளங்களை வரிசையாகச் சொல்வேன். இந்த மூன்று கட்டை ரோடு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

இந்த நிலையில்தான் அந்த அறிவித்தல் வந்தது: முதலாவது சர்வதேசத் தேயிலைத் தொழிலாளர் மெய்வல்லுநர் போட்டி, நுவரெலியாவில். 'முதலாவது' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இரண்டாவதைப் பற்றி இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆறு நாடுகள், நாட்டுக்கு ஒருவர், ஒரே ஓட்டம், ஆண்களுக்கான நூறு மீற்றர். தேயிலை வாங்கும் வெளிநாட்டுக் கனவான்கள், தேயிலைத் தொழிலாளி சந்தோசமாக ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டார்களாம். எங்களிடம் கேட்டிருந்தால் முனியாண்டி கோயில் வளைவில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருப்போம்.

ஹட்டனில் நடந்த தெரிவில் நாற்பது தோட்டத்துப் பொடியன்களோடு ஓடி, முப்பத்திரண்டு வயது நிரஞ்சன் முதலாவதாக வந்தான். பதினொன்று தசம் மூன்று செக்கன். அவன் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. "கீழ கல்லு இல்லாம ஓடுறது லேசா இருக்கு சேர்," என்றான்.

பயிற்றுநர் யார் என்ற கேள்வி வந்தது. என்னிடம் ஒரு விசிலும் ஒரு நிறுத்தற் கடிகாரமும் இருந்தன. அது போதும் என்று முடிவாயிற்று. நான் என் வாழ்க்கையில் பஸ்ஸைப் பிடிப்பதற்குக்கூட ஓடியதில்லை.

பயிற்சிக்கு நூறு மீற்றர் சமதரை தேடினோம். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. துரை பங்களாவுக்கு முன்னால் புல்தரை இருக்கிறது, அதில் காலையில் அரை மணி நேரம் ஓடலாமா என்று எழுதிக் கேட்டேன். புல்லுக்குச் சேதம் வரும் என்று பதில் வந்தது. ஆகவே பிரதான வீதியில், ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவில் பயிற்சி நடந்தது. அகரப்பத்தனையில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் முஹம்மது ஷிஹாம், ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து தன்னிடம் இல்லையென்று வருத்தப்பட்டு, கால்பந்துச் சப்பாத்து ஒரு சோடியைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. இந்தக் கதையில் ஒன்றும் எதிர்பார்க்காமல் ஒன்றைக் கொடுத்த ஆள் அவர் ஒருவர்தான்.

அடுத்து வழியனுப்பு விழா. அதற்கு எங்கள் தொகுதிப் பெரியவர் ஒருவர் வந்தார். அழைப்பிதழில் அவருடைய பேரைவிட முன்னாலிருந்த 'கௌரவ' என்ற சொல் பெரிதாக அச்சாகியிருந்தது. அதனால் நான் அவரைக் கௌரவம் என்றே அழைத்துவருகிறேன். கௌரவம் நிரஞ்சனுக்கு மாலை போட்டார். தோட்டத்துச் சங்கத் தலைவர் செல்லசாமி கௌரவத்துக்கு அதைவிடப் பெரிய மாலை போட்டார். மைக் நிரஞ்சன் கைக்கு வந்தபோது, நன்றி சொல்லிவிட்டு இறங்குவான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"ஐயா, எனக்கு மாலையெல்லாம் வேணாங்க," என்றான். "மேல்டிவிசனுக்கு ரோடு ஒண்ணு போட்டுத் தாங்க. வீட்டுல அஞ்சு மாசம். ஐப்பசிக்குள்ள போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

கௌரவத்துக்கு இதெல்லாம் பழக்கம். மைக்கை வாங்கி, நிரஞ்சனின் தோளில் கைபோட்டு, "தம்பி மொதல்ல தங்கத்தக் கொண்டாரட்டும்! ரோட்ட நான் கொண்டாறேன்!" என்றார். சனம் கைதட்டியது. செல்லசாமி எழுந்து நின்று தட்டினார். ஜீவராணி மட்டும் தட்டவில்லை. அவளுடைய இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

அன்றிலிருந்து நூறு மீற்றர் ஓட்டம் எங்களுக்கு நூறு மீற்றர் ஓட்டமாக இருக்கவில்லை. அது மூன்று கட்டை ரோடாகிவிட்டது.

போட்டியன்று விடியற்காலையிலேயே மழை. மற்ற நாட்டுக்காரர்கள் நுவரெலியாவில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். நிரஞ்சனுக்கும் அங்கே ஒரு கட்டில் இருந்தது. ஜீவராணியைத் தனியே விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அவன் காம்பராவிலேயே படுத்திருந்தான். காலையில் தேயிலைக்குள்ளால் குறுக்குப் பாதையில் இறங்கி வந்து, பிரதான வீதியில் என்னோடு வேனில் ஏறினான். மழை நாளில் அந்தக் குறுக்கில் இறங்குகிறவர்கள் காலில் சவர்க்காரமோ சுண்ணாம்போ பூசிக்கொள்ளாமல் இறங்க மாட்டார்கள். அட்டை ஏறும். ஆனால் அவனுக்குப் போட்டிக்காரர்கள் முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை கொடுத்திருந்தார்கள், தேசியக் கொடி பின்னிய காலுறை. அதில் கறை படக்கூடாது, காலில் ஒன்றும் பூசாதே என்று முதல் நாள் அவனுக்குப் படித்துப் படித்துச் சொன்னவன் நான். இதை எழுதும்போதும் என் காது சூடாகிறது.

மைதானம் புல்தரை. அதில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். மூன்று லொறியில் எங்கள் சனம் வந்திறங்கி ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டது. மறுபக்கம் பந்தல், அதற்குள் கௌரவமும் கனவான்களும். ஓடுபவர்கள் வந்தார்கள். கென்யாக்காரர் நல்ல உயரம். அசாம்காரர் நிரஞ்சனைப் பார்த்துச் சிரித்தார். இருவருடைய உள்ளங்கையும் ஒரே மாதிரி காய்த்திருந்ததை நான் கவனித்தேன். நிரஞ்சனுக்கு மூன்றாம் ஓடுபாதை.

கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி துப்பாக்கியைத் தூக்கினார். ஆறு பேரும் குனிந்து கையை ஊன்றினார்கள். அடுத்த கட்டளைக்கு இடுப்பை உயர்த்தினார்கள். அந்த நேரத்தில் ஆறு பேரும் அசையாமல் இருக்க வேண்டும்.

நிரஞ்சனின் வலது கை தரையிலிருந்து எழும்பியது. நேராகத் தொடைக்குப் போனது. ஒரு சுண்டு.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு அட்டை ஊர்ந்தால் கை தானாகப் போகும். அது மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. மூன்று வயதில் தொடங்கிய பழக்கம், முப்பத்திரண்டு வயதில் துப்பாக்கிக்குப் பயந்து நிற்குமா? காலுறைக்குள் இருந்தது மெல்ல மேலே ஏறி, களிசானுக்குள் நுழையப் பார்த்த நேரம் அது. ஆனால் சட்டத்துக்கு அட்டை தெரியாது, அசைவுதான் தெரியும். பக்கத்து ஓடுபாதைப் பங்களாதேஷ்காரர் பதறிப்போய் முன்னால் பாய்ந்தார். அதிகாரி எல்லோரையும் எழுப்பினார். ஓர் ஆள் நடந்து வந்து நிரஞ்சனின் முகத்துக்கு நேரே அட்டையைப் பிடித்தார். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. அதைக் கண்டவன் வெளியே போக வேண்டும், பேச்சுக்கு இடமில்லை.

ஒலிபெருக்கி முதலில் சிங்களத்தில் சொன்னது, பிறகு ஆங்கிலத்தில். கடைசியாகத் தமிழில், நல்ல கம்பீரமான குரலில்: "மூன்றாம் ஓடுபாதையில் நிற்கும் இலங்கை வீரருக்கு அட்டை! சிவப்பும் கறுப்புமான அட்டை!"

எங்கள் சனத்துக்கு அட்டை என்றால் ஒன்றுதான். மூன்று லொறிச் சனமும் ஒரே நேரத்தில் குனிந்தது. சேலையைத் தூக்கிக் கணுக்காலைப் பார்த்தவர்கள், சாரத்தை உதறியவர்கள், பிள்ளைகளின் சப்பாத்தைக் கழற்றியவர்கள் என்று அந்தப் பக்கம் முழுக்க ஒரே களேபரம். அரசாங்கமே மைக்கில் சொல்கிறதென்றால் சும்மாவா?

"சிவப்பும் கறுப்புமாமே! அப்ப நல்லா ரத்தங் குடிச்சிருச்சி!" என்று ஒரு குரல் கேட்டது. ராசம்மாவின் குரல். நிரஞ்சனின் அடுத்த காம்பராக்காரி. கொழுந்தெடுத்து முப்பது வருடம் ஆகிறது. இடுப்பிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைத் திறந்துகொண்டே கயிற்றைத் தாண்டி ஓடுபாதைக்குள் இறங்கிவிட்டாள்.

"நோனா, என்ட எபா! என்ட எபா!" என்று ஒரு சிங்கள உத்தியோகத்தர் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார், வராதே என்று.

"எபாவாவது கிபாவாவது! புள்ளைக்கி அட்டை ஏறியிருக்கு, நீ எபாங்கிற!" என்று அவரைத் தள்ளிவிட்டு வந்து, நிரஞ்சனின் காலடியில் உட்கார்ந்தாள். "எங்கடா ஏறியிருக்கு? காட்டு!"

அவன் காட்டினான். சுண்டியதில் அது முழுதாக விழவில்லை, தொடையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ராசம்மா ஒரு விரல் சுண்ணாம்பு வைத்தாள், அது கழன்றது. அதை இரண்டு விரலால் எடுத்து, அட்டை காட்டிய அதிகாரியின் முகத்துக்கு நேரே, அவர் காட்டிய அதே உயரத்தில் பிடித்தாள்.

"இந்தாங்க உங்க அட்டை."

உலகத்தில் ஓர் ஓட்டப் போட்டியில் உண்மையான தீர்ப்பு வந்தது என்றால் அது அதுதான். அங்கே இருந்தவர்களில் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டது, தப்பாகப் புரிந்துகொண்ட எங்கள் சனம் மட்டுமே. ஆனால் தீர்ப்புச் சொல்ல ராசம்மாவுக்கு அதிகாரம் இல்லை. இருவர் வந்து அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள். நிரஞ்சன் கோட்டுக்கு வெளியே நின்றான். மற்ற ஐந்து பேரும் ஓடினார்கள். கென்யாக்காரர் வென்றார், பதினொன்று தசம் ஆறு செக்கன். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நிரஞ்சனைப் பார்க்கவில்லை. ஹட்டனில் ஓடிய பதினொன்று தசம் மூன்றோடு ஒப்பிட அவனுக்குக் கணக்குத் தெரியாமலில்லை.

முறைப்பாடு செய்ய அரை மணி நேரம் இருந்தது. இங்கேதான் நான் என் இரண்டாவது முட்டாள்தனத்தைச் செய்தேன். மூன்று மொழியிலும் எழுதலாம் என்று போட்டிருந்தார்கள். தமிழில் எழுதும் உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று, அழகான தமிழில் எழுதினேன்: "அட்டை காலில் ஏறியதாலேயே வீரர் அசைந்தார். எனவே அவருக்குக் காட்டப்பட்ட அட்டை செல்லாது." மொழிபெயர்க்க வைத்திருந்தவர் அட்டை ஏறாத ஊர்க்காரர். இரண்டு அட்டையையும் ஒரே அட்டையாக ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். நடுவர்கள் அதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். கையெழுத்தோடு வந்த பதிலை இன்னும் வைத்திருக்கிறேன். "அட்டை அதிகாரியின் கையாலேயே காட்டப்பட்டது. அது வீரரின் கால் மீது ஏறியதாகக் கூறுவது ஆதாரமற்றது. முறைப்பாடு நிராகரிக்கப்படுகிறது."

ரோடு இருந்திருந்தால் அவன் குறுக்கில் இறங்கியிருக்க மாட்டான், அட்டை ஏறியிருக்காது. அட்டை ஏறாவிட்டால் ரோடு வந்திருக்கும். இதை வேனில் வரும்போது செல்லசாமித் தலைவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நிரஞ்சனிடம் திரும்பினார்.

"கொஞ்சம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்திருக்கலாமே தம்பி. அட்டை என்னா பெருசா செஞ்சிறப்போவுது? ஒரு சொட்டு ரத்தம் குடிக்கும். குடிச்சிட்டுப் போவட்டும்னு விட்டுறணும்."

பின் சீட்டிலிருந்து ராசம்மா சொன்னாள்: "ஆமாங்க தலைவரே. உங்களயெல்லாம் அப்பிடித்தானே விட்டு வச்சிருக்கோம்."

தலைவர் முன்பக்கம் திரும்பி, தலவாக்கலை வரும்வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நிரஞ்சன் அழவுமில்லை, குடிக்கவுமில்லை. மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்று, கத்தியோடு மலைக்கு ஏறினான். அவனைப் பார்த்தவர்கள் "அட்டை" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அதற்கும் திரும்பிப் பார்த்தான். பின்னேரங்களில் மட்டும், தனியாக, ஏழாம் நம்பர் மலைத் திருப்பத்தில் நின்று சறுக்கும் கற்களைப் பெயர்த்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஐப்பசி வந்துகொண்டிருந்தது.

ஐப்பசிக்கு முன்னால் தேர்தல் வந்தது. கௌரவத்துக்கு மேல்டிவிசனில் நானூறு வாக்கு இருப்பது திடீரென்று ஞாபகம் வந்தது. ஒரு கூட்டம் போட்டார். "தம்பி தோத்தாலும் நான் சொன்ன வாக்கத் தோக்க விட மாட்டேன். அவன் ஓடாமப் போனது நூறு மீற்றர். அதே நூறு மீற்றருக்குக் கொங்கிறீட் ரோடு போட்டுத் தாறேன்!" என்றார். இதிலும் கைதட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். மூன்று கட்டையில் நூறு மீற்றர் போனால் மிச்சம் ஏறக்குறைய நாலாயிரத்து எழுநூறு மீற்றர். அதாவது இன்னும் நாற்பத்தேழு போட்டியில் யாராவது அட்டை வாங்க வேண்டும்.

சொன்னபடி போட்டார்கள். பிரதான வீதியிலிருந்து மேல்நோக்கி, நாடா பிடித்து அளந்து, சரியாக நூறு மீற்றர். ஒரு விரற்கடை கூடவில்லை. பதினைந்து நாளில் வேலை முடிந்தது. ஆனால் கௌரவத்துக்கு நேரம் கிடைத்துத் திறந்துவைக்கும் வரைக்கும் வாகனம் ஏறக்கூடாது என்று நாலு தார்ப் பீப்பாயைக் குறுக்கே வைத்து, காவலுக்கு ஓர் ஆளையும் போட்டார்கள். ஐந்து வாரம் அது வெயிலில் காய்ந்தது. நாய்கள் படுத்துக்கொண்டன.

திறப்பு விழாவுக்குக் காலை பத்து மணி என்று நாள் குறித்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் கொடியோடு நிற்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. ஏழு மணிக்கே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, விசிலும் கடிகாரமும் கழுத்தில் தொங்க, வீதியோரம் போய் நின்றேன். கொங்கிறீட்டின் கீழ் முனையில், கௌரவம் வாகனத்திலிருந்து இறங்கிக் கஷ்டப்படாமல் வெட்டும்படியாக, பீப்பாய்களுக்கு மேலே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

அப்போது ஆம்புலன்ஸ் வந்தது. யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. டிரைவர் இறங்கிப் பீப்பாயைக் காட்டிக் காவல்காரனிடம் பேசினார். "தொறக்காம ஒரு வண்டியும் ஏத்த முடியாது. எனக்கு ஓடர்," என்றான் அவன். நான் இரண்டு பீப்பாயை உருட்டப் பார்த்தேன். உள்ளே கொங்கிறீட் ஊற்றி வைத்திருந்தார்கள். அவர்கள் கனமாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

மேலே திருப்பத்தில் கம்பளி தெரிந்தது. நாலு பேர். முன்னால் வலது பக்கத் தோளில் மூங்கிலோடு நிரஞ்சன். பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு ராசம்மா. கம்பளிக்குள்ளிருந்து ஜீவராணியின் குரல் கேட்டது. கல் ரோட்டில் அவர்கள் கால் பார்த்துப் பார்த்து வைத்து இறங்கினார்கள். கொங்கிறீட் தொடங்கும் கோட்டில் நிரஞ்சனின் கால் பட்டது.

"இப்ப ஓடலாம்டா!" என்று கத்தினான்.

என் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது. அது மூளையிடம் கேட்கவில்லை. அமுக்கிவிட்டேன்.

நாலு பேரும் ஒரே எட்டாக ஓடி வந்தார்கள். காவல்காரன், "ரிப்பன்! ஐயோ, ரிப்பன்!" என்று கையை ஆட்டினான். நிரஞ்சன் அவனைப் பார்க்கவில்லை. பீப்பாய்களுக்கு நடுவிலிருந்த ஓர் ஆள் நுழையும் இடைவெளிக்கு நேராக வந்து, நெஞ்சால் ரிப்பனைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தான். நான் மறுபடி அமுக்கினேன். கிழிந்த ரிப்பன் அவன் தோளில் தொங்க, ஜீவராணியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கதவு மூடியது. வண்டி அகரப்பத்தனைப் பக்கம் திரும்பி மறைந்தது. பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் கொடியை ஆட்டினார்கள். நான் அழுதேன். வெட்கப்படவில்லை.

பத்து மணிக் கௌரவம் ஒரு மணிக்கு வந்தார். தட்டில் கத்திரிக்கோல் இருந்தது, வெட்டத்தான் ஒன்றும் இல்லை. செல்லசாமித் தலைவர் ரிப்பனின் இரண்டு துண்டையும் பொறுக்கி எடுத்து, "சேர், ஒரு முடிச்சுப் போட்டுக் குடுங்க," என்றார். போட்டேன். சின்னதாகவும் போட்டிருக்கலாம். ரத்தம் குடித்த அட்டை அளவுக்கு, நன்றாகத் தடிப்பாகப் போட்டேன். அதற்குப் பக்கத்தில் கௌரவம் வெட்டினார். மறுநாள் பத்திரிகைப் படத்தில் அவருடைய சிரிப்புக்கு அடுத்தபடி தெளிவாகத் தெரிவது அந்த முடிச்சுத்தான்.

நாலு நாள் கழித்து நிரஞ்சன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் பாடசாலைக்கு வந்தான். பெண்பிள்ளை, இரண்டு கிலோ எழுநூறு கிராம். பிறக்கும்போது கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்ததாம், டொக்டர் இருந்ததால் சரியாயிற்றாம். பத்து நிமிடம் பிந்தியிருந்தால் என்று நர்ஸ் சொல்லத் தொடங்கியதை அவன் கேட்க விரும்பவில்லையாம். ராத்திரி பகல் தெரியாமல் கத்துகிறது என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கத்தலுக்காக அவன் இரண்டு வருடம் காத்திருந்தவன்.

போகும்போது வாசலில் நின்றான்.

"சேர், அன்னிக்கி நீங்க கடிகாரத்த அமுக்குனத நான் பாத்தேன். எத்தன செக்கன்?"

"இருபத்துநாலு தசம் ஆறு."

"நாலு பேரு, கம்பளி, அதுக்குள்ள ரெண்டு உசுரு," என்று விரலை மடக்கினான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: "யாரும் அட்டை காட்டல்லியே?"

"இல்ல."

"அப்ப இது செல்லும்," என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த நாலாயிரத்து எழுநூறு மீற்றரையும் நடந்து ஏறப் போனான்.